அமெரிக்கர்கள் ஐபோனை விட்டு மாறத் தயங்குவது வெறும் பிராண்ட் மோகமா?

மோகமும் உண்டு. ஆனால் பெரிய காரணம் மெசேஜ்தான். நம் ஊரில் எல்லோரும் வாட்ஸ்அப்பில் இருப்பதால் இது சட்டென்று புரியாது. அங்கே பலரும் போனோடு வரும் மெசேஜ் செயலியையே பயன்படுத்துகிறார்கள். 2011-இல் ஆப்பிள், தன் சாதனங்களுக்கு இடையே இணையம் வழியே செய்தி அனுப்பும் ஐமெசேஜைக் கொண்டுவந்தது. அதிலிருந்து ஐபோனுக்குள் போகும் செய்தி நீலம், ஆண்ட்ராய்டுக்குப் போவது பச்சை. நிறம் மட்டும் என்றால் பரவாயில்லை. 2024 வரை பச்சை என்றால் பழைய எஸ்எம்எஸ் அல்லது படம், வீடியோ அனுப்பும் எம்எம்எஸ்தான்; அதில் வீடியோ மங்கிவிடும். குழுவில் ஒரே ஒருவர் ஆண்ட்ராய்டு வைத்திருந்தாலும் மொத்தக் குழுவும் பச்சைக்கு இறங்கிவிடும். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய அழுத்தம் என்று யோசித்துப் பாருங்கள்!

இது தற்செயலும் அல்ல. கேம் நிறுவனமான எபிக் கேம்ஸ் ஆப்பிள் மீது தொடுத்த வழக்கில் 2021-இல் வெளியான ஆவணங்களில் ஆப்பிள் அதிகாரி கிரெய்க் ஃபெடரிகியின் 2013 மின்னஞ்சல் ஒன்று இருந்தது. ஆண்ட்ராய்டிலும் ஐமெசேஜ் கொடுத்தால், ஐபோன் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு ஆண்ட்ராய்டு வாங்கித் தருவதற்கு இருக்கும் தடை நீங்கிவிடும் என்பது அவர் வாதம். வாங்குபவர்களின் விசுவாசம் என்று நாம் சொல்வதில் பாதி இப்படிக் கட்டிய வேலிதான் என்பேன்.

அப்புறம் 2024-இல், ஐபோன் மென்பொருளான ஐஓஎஸ் 18-இல், எஸ்எம்எஸ்ஸுக்கு மாற்றான ஆர்சிஎஸ் என்ற புதிய செய்தி முறை வந்தது. வீடியோ தெளிவானது. பச்சை நிறம் மட்டும் மாறவில்லை.