லாயர் மாதிரி யோசிக்கிறதுன்னா என்ன?

மக எஸ்பிஎம் (ஸ்கூல் முடிக்கிற பரீட்சை) முடிச்சிட்டு லா படிக்கணும்னு சொல்றா, நல்லா வாதாடத் தெரிஞ்சா போதுமா, இல்ல லாயர் மாதிரி யோசிக்கிறதுன்னு தனியா ஏதும் இருக்கான்னு கேட்டிருக்கீங்க. நான் மலேசியாவுல, கேஎல்ல (கோலாலம்பூர்) லாயரா பிராக்டிஸ் பண்றேன். வாதாடறதெல்லாம் கடைசியில வர்ற வேலைங்க. அதுக்கு முன்னாடி எதிராளியோட கேஸை அவங்களை விட நல்லா நாமளே கட்டிப் பாக்கணும்.

எனக்கு இது புரிஞ்சது சேம்பரிங், அதாவது லாயராகறதுக்கு முன்னாடி ஒரு சீனியர் லாயர்கிட்ட பயிற்சி பண்ண அந்த 9 மாசத்துல. அந்த சீனியரைத்தான் மாஸ்டர்னு சொல்லுவோம். செந்தூல்லேர்ந்து ஒரு அம்மா வந்தாங்க, ஸ்கூல் கேன்டீன்ல வேலை செஞ்சு சேத்த 8,000 வெள்ளிய பக்கத்து வீட்டுக்குக் கைமாத்தா கொடுத்து, திரும்பி வரல. கையில ஒரு 555 புக்கு (கடன் கணக்கு எழுதுற சின்ன நோட்டு), ரப்பர் பேண்ட் போட்டு பிளாஸ்டிக் பையில சுத்தி வச்சிருந்தாங்க. தேதி, தொகை, வாங்கினவங்க கையெழுத்து எல்லாம் இருக்கு, கேஸ் போடறதுக்கான 6 வருஷக் கெடு, அதான் லிமிடேஷன், அதுவும் தாண்டல, இதுக்கு மேல என்ன வேணும்னு நான் சந்தோஷப்பட்டுட்டேன். மாஸ்டர் பொறுமையா பொரட்டிட்டு ஒரு பக்கத்துல விரலை வச்சார். "மார்ச் வட்டி 200." கீழ ஏப்ரல், மே, அதே மாதிரி.

அந்த ஒரு சொல்லுதான். 1951 மணிலெண்டர்ஸ் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம வட்டித் தொழில் பண்றவங்க கொடுத்த கடனை கோர்ட்டுல கேட்டு வாங்க முடியாது. அதுலயும் 10ஓஏ பிரிவு இருக்கு, வட்டிக்கு ஒரே ஒரு கடன் கொடுத்ததா நிரூபிச்சாலே தொழிலா பண்றாங்கன்னு கோர்ட்டு அனுமானிக்கும், இல்லைன்னு காட்டுற பொறுப்பு கடன் கொடுத்தவங்க தலையில. அந்த அம்மா அவ்ளோ பத்திரமா வச்சிருந்த புக்கு எதிராளிக்குத்தான் முதல் சாட்சி.

"அவங்க புள்ள ஆஸ்பத்திரில கெடந்தான் தம்பி, அதான் கொடுத்தேன்"னு அவங்க அழுதப்போ எனக்கு மனசு கொதிச்சது. கொதிக்கக் கூடாதுன்னு மாஸ்டர் சொல்லல, இவங்க சொல்றது எந்தக் கேள்விக்குப் பதில்னு மட்டும் கேட்டார். தொழிலா, உதவியாங்கிற கேள்விக்குத்தானே! வேற யாருக்காவது கொடுத்தீங்களா, வட்டிய நீங்க கேட்டீங்களா, அவங்களா கொடுத்தாங்களான்னு அப்புறம் ஒவ்வொண்ணா கேட்டு எழுதினார்.

சட்டம் படிக்கிறவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச ஸ்காட்லாந்து நத்தை கேஸும் இப்படித்தான். நத்தை கெடந்ததா சொன்ன ஜிஞ்சர் பீர் பாட்டிலை வாங்கினது தோழி, குடிச்சது கேஸ் போட்டவங்க, அதனால ஒப்பந்தம்னு சொல்லி யார்கிட்டயும் கேக்க வழியில்ல. அப்போ கேள்வியையே வேற மாதிரி கேட்டாங்க, முகம் தெரியாம குடிக்கப் போறவங்க மேல தயாரிச்சவருக்குக் கடமை இருக்கா இல்லையா? இருக்குன்னு 1932ல, அப்போ அங்க உச்ச கோர்ட்டா இருந்த பிரிட்டன் பிரபுக்கள் சபை 3க்கு 2ன்னு தீர்ப்பு சொல்லிச்சு.

அந்த அம்மாவுக்கு நாங்க கேஸ் போடல. ரெண்டு வீட்டுக்காரங்களையும் ஆபீஸ்ல உக்கார வச்சுப் பேசி, வட்டின்னு வாங்கினத அசல்ல கழிச்சுட்டு மீதிய மாசாமாசம் கட்டுறதா எழுதி வாங்கினோம்.

உங்க மகளை ஒரு நாள் ஜாலான் டூத்தா கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, ஓப்பன் கோர்ட்ல பொதுமக்கள் பின்னாடி உக்காந்து கேக்கலாம். எழுந்து பேசுற லாயரை விட, எதிர்த்தரப்பு பேசறப்போ தலை நிமிராம எழுதிக்கிட்டே இருக்காரே, அவரைப் பாக்கச் சொல்லுங்க.