கல்யாண வீட்டு கிட்டார்

அன்புள்ள ஐயாவுக்கு,

கோவையில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். வயது 24. முகூர்த்த நாட்களில் கல்யாண வரவேற்பு, மற்ற நாட்களில் கோயில் நோம்பி, கல்லூரி விழா என்று ஓடுகிறது. நானும் நண்பர்களும் சொந்தமாகச் சில பாட்டுகள் போட்டு வைத்திருக்கிறோம். மூன்றை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். சாப்பிட வந்தவர்களுக்கு முன்னால் நின்று அடுத்தவர் பாட்டை வாசிப்பது எனக்குக் கேவலமாக இருக்கிறது. அமெரிக்க கிட்டார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1966 செப்டம்பரில் லண்டனில் போய் இறங்கினார், அடுத்த கோடைக்குள் உலகமே அவரைத் தெரிந்துகொண்டது. சரியான ஓர் ஆளின் கண்ணில் பட்டால் போதும் என்றுதானே இதற்குப் பொருள்? குழுவை விட்டுவிட்டு பெங்களூர் போய்விடலாமா? ஒரு யூடியூப் சேனல்காரர்கள் ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார்கள். அம்மா வங்கித் தேர்வு எழுதச் சொல்கிறார். அப்புறம் ஒரு சந்தேகம்: போதை இல்லாமல் ஹெண்ட்ரிக்ஸுக்கு அந்த இசை வந்திருக்குமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த வாரம் முழுக்க ஹெண்ட்ரிக்ஸின் ‘லிட்டில் விங்’ பாட்டின் தொடக்கத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். பாட்டு ஆரம்பிப்பதற்கு முன் கிட்டார் கிட்டத்தட்ட தனியாக நடந்து வரும் அந்தக் கொஞ்ச நேரம். அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். இல்லையென்றால் ‘பெங்களூர் போகலாமா’ என்று கேட்டு வரும் கடிதங்களை நான் பெரும்பாலும் படித்துவிட்டு மூடிவிடுவேன்.

போதை பற்றிய கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது. அந்த மனிதர் 27 வயதில் செத்துப்போனார். அந்தச் சாவைச் சுற்றிக் கதை பின்னுகிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

‘கேவலம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு வருகிறேன். யாருக்குக் கேவலம்? உங்களுக்குச் சம்பளம் கொடுத்துச் சாப்பாடும் போடுகிற வீட்டுக்கா? முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டும் கிழவிக்கா? நீங்கள் வாசிப்பது கேவலமாக இருந்தால் அது கேவலம். நன்றாக இருந்தால், எதிரே உட்கார்ந்திருப்பவர் கையில் பாயச டம்ளர் இருப்பதால் ஒன்றும் குறைந்துவிடாது. இந்த எண்ணத்துக்கு ஹெண்ட்ரிக்ஸை வேறு சாட்சிக்குக் கூப்பிடுகிறீர்கள். அவர் உங்கள் பக்கத்துச் சாட்சியே கிடையாது.

அவர் கதையை லண்டனில் ஆரம்பிக்கிறவர்கள் ஏழெட்டு வருஷத்தை விழுங்கிவிடுகிறார்கள். 1942இல் சியாட்டிலில் பிறந்தவர். முதல் கிட்டார் 5 டாலருக்கு வாங்கிய பழசு. முதல்முதலாக ஒரு குழுவோடு மேடையேறிய அன்றைக்கே, இடைவேளையில், ‘ரொம்ப ஆட்டம் போடுகிறாய்’ என்று விரட்டிவிட்டார்கள். அப்புறம் ராக்கிங் கிங்ஸ் என்று ஓர் உள்ளூர்க் குழு. திருட்டுக் கார்களில் போய் இரண்டு தடவை பிடிபட்டு, சிறையா பட்டாளமா என்ற நிலை வந்தபோது 1961இல் பட்டாளத்தில் சேர்ந்தார். அங்கே பாஸ் கிட்டார் வாசிக்கும் பில்லி காக்ஸ் கிடைத்தார். வெளியே வந்ததும் இருவரும் நாஷ்வில் நகரில், ஜெஃபர்சன் தெருவில் இருந்த டெல் மொராக்கோ கிளப்பில் கிங் கேஷுவல்ஸ் என்ற பெயரில் வாசித்தார்கள். அந்தக் குழுவின் இன்னொரு கிட்டார்காரர் பல்லால் கம்பியை மீட்டுவார். இவர் விடுவாரா, தானும் கற்றுக்கொண்டார். பின்னாளில் லண்டன்காரர்கள் வாயைப் பிளந்து பார்த்த வித்தை டென்னசி மாநிலத்துச் சாராயக் கடை மேடைகளில் சகஜமான ஒன்று.

அதற்குப் பிறகுதான் உங்களுக்குத் தெரியவேண்டிய காலம் வருகிறது. கறுப்பர்களுக்கும் வெள்ளையர்களுக்கும் தனித்தனி அரங்குகள் இருந்த தெற்கத்தி அமெரிக்கா. கறுப்பர்களுக்கான கிளப்புகளும் தியேட்டர்களும் ஊர் ஊராக ஒரு சங்கிலிபோல இருந்தன. பாடகர்கள் பஸ்ஸில் அந்த ஊர்களைச் சுற்றிவருவார்கள். அவர்களுக்குப் பின்னால் வாசிக்கிற கூலி கிட்டார்தான் ஹெண்ட்ரிக்ஸ். 1964இல் ஐஸ்லி பிரதர்ஸ், 1965இல் லிட்டில் ரிச்சர்ட், பிறகு கர்ட்டிஸ் நைட், கிங் கர்ட்டிஸ். வந்தவர்கள் ஆட வந்தவர்கள். கிட்டார் கேட்க ஒருவரும் வரவில்லை. தாளம் ஒரு இழை பிசகினால் ஆட்டம் நின்றுவிடும், ஆட்டம் நின்றால் கிளப்காரர் முகம் மாறிவிடும்.

நாஷ்வில் தொலைக்காட்சியில் 1965இல் ஒளிபரப்பான ஒரு துண்டு இணையத்தில் கிடைக்கிறது. ‘நைட் டிரெயின்’ என்ற நிகழ்ச்சி. பட்டி, ஸ்டேசி என்று இரண்டு பாடகர்கள் முன்னால் குதித்துக்கொண்டு ‘ஷாட்கன்’ பாடுகிறார்கள். பின்வரிசையில் லிட்டில் ரிச்சர்டின் குழு. அந்த வரிசையில் ஒல்லியாக ஓர் இடக்கைக்காரர் மற்றவர்களோடு சேர்ந்து அசைந்துகொண்டே வாசிக்கிறார். பாட்டு முழுக்க ஏறக்குறைய ஒரே கார்ட், அதாவது ஒரே சுரக்கூட்டு. கேமரா அவரைத் தேடிப் போவதில்லை, முன்னால் இருப்பவர்களைக் காட்டும்போது கூடவே அவரும் விழுகிறார், அவ்வளவுதான். அதைப் பாருங்கள். பத்து தடவை பாருங்கள். பாடகர்களைப் பார்க்காமல் அந்தக் கையை மட்டும் பாருங்கள்.

இப்போது ‘லிட்டில் விங்’. உங்களுக்கு கிட்டார் தெரியும், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன், மற்ற வாசகர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். வலக்கைக்காரர்களுக்கான ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பி, கம்பிகளை மாற்றிக் கட்டி வாசித்தவர் அவர். அழுத்துகிற கை வலது கை, அதுவோ மிக நீளமான கை. வகுப்பில் சொல்லிக்கொடுப்பதுபோல ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்கவைத்து ஆறு கம்பியையும் அடைப்பதில்லை. கட்டைவிரலை மேலே சுற்றிக் கொண்டுவந்து தடித்த கம்பியைப் பிடித்துவிடுகிறார். பாஸ், அதாவது அடிச்சுரம், அங்கே முடிந்தது. மிச்சம் நாலு விரலும் சும்மா இருக்கின்றன. அந்த நாலு விரலால் கார்டின் உள்ளேயே சின்னச் சின்ன நகாசு வேலை நடக்கிறது: ஒரு கம்பியில் தட்டி ஏறுவது, இரண்டு கம்பியைச் சேர்த்துச் சறுக்குவது, உடனே கார்டுக்குத் திரும்பிவிடுவது. பாஸ், தாளம், அலங்காரம் மூன்றும் ஒரே கையில். இந்த வாசிப்பு லண்டனில் முளைத்ததா? கர்ட்டிஸ் மேஃபீல்ட் போன்ற கிட்டார்காரர்கள் பாடகனின் இரண்டு வரிக்கு நடுவே வாசித்த வாசிப்பின் வாரிசு இது. பாடும்போது அடங்கியிரு, பாடகன் வாயை மூடினால் இரண்டு சொட்டு விடு, மறுபடி அடங்கு. பஸ்ஸில் சுற்றியவர்களின் பாடம்.

லண்டனில் ஹெண்ட்ரிக்ஸுக்கு அமைந்த குழுவில் மூன்றே பேர் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். கீபோர்டு கிடையாது, இரண்டாவது கிட்டார் கிடையாது. பாஸ் வாசித்த நோயல் ரெட்டிங் கிட்டார்காரராக வாய்ப்புத் தேடி வந்தவர், கையில் பாஸைக் கொடுத்துவிட்டார்கள். டிரம்ஸ் மிட்ச் மிட்செல் ஜாஸ் பக்கம் சாய்ந்தவர், ஒரு இடத்தில் நிற்க மாட்டார். இவர்களுக்கு நடுவில் பாடிக்கொண்டே பாட்டுக்கு உடம்பு கொடுக்க யாரால் முடியும்? வருஷக்கணக்காக அடுத்தவர் பாட்டைத் தாங்கிப் பழகிய கையால் முடியும். அவர் மேடையில் கிட்டாரைக் கொளுத்தினதை எல்லோரும் சொல்கிறார்கள். கொளுத்த யாராலும் முடியும் தம்பி, தீப்பெட்டி இருந்தால் போதும்.

இந்த இடத்தில் எனக்கு வேறொருவர் ஞாபகம். கல்லூரி நாட்களில் கோவில்பட்டிப் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவோடு சுற்றினேன். எனக்கு வாசிக்கத் தெரியாது. பாட்டு நோட்டைத் தூக்குவது, மைக் ஸ்டாண்டைத் திருகுவது, பாடகிக்கு வெந்நீர் வாங்கி வருவது என் வேலை. அந்தக் குழுவில் ரிதம் கிட்டார் வாசித்த அண்ணன் ஒருவர் பகலில் ரேடியோ ரிப்பேர் பார்ப்பார். மேடையில் பாடகருக்கு ஒரு அடி பின்னால், கொஞ்சம் ஓரமாகத்தான் நிற்பார். கூட்டத்தைப் பார்க்கவே மாட்டார். பாடகரின் தோளையே பார்த்துக்கொண்டிருப்பார். தோள் ஏறினால் மூச்சு எடுக்கிறார், பாதி ஏறி நின்றால் வரி மறந்துவிட்டது. ஒரு கொடை இரவில் பாடகர் இரண்டாம் சரணத்தைத் தின்றுவிட்டு நேராகப் பல்லவிக்குத் தாவினார். கீபோர்டுகாரர் சரணத்துக்குப் போய்விட்டார், தபலாக்காரர் என்ன ஏது என்று விழிக்கிறார். அண்ணன் அதற்கு முன்பே பல்லவிக்கு வந்து காத்திருந்தார். ஒரே ஒரு அடியைக் கொஞ்சம் அழுத்திப் போட்டார். எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்துவிட்டார்கள். கூட்டத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. பந்தியில் எந்த இலைக்கு ரசம் வேண்டும் என்று கேட்காமலே அறிந்து வருகிற பரிமாறுகாரர்போல அவர். கச்சேரி முடிந்ததும் பாடகருக்குப் பொன்னாடை. அண்ணன் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பசி பொறுக்காமல் நான் அவசரப்படுத்தியதற்கு, முறுக்கிச் சுருட்டினால் உள்ளே கம்பி அறுந்துவிடும் என்று திட்டினார்.

அவர் நட்சத்திரமாகவில்லை. ஆசைப்பட்டதாகவும் தெரியவில்லை. ஹெண்ட்ரிக்ஸ் ஆசைப்பட்டார், அது வேறு விஷயம். பின்வரிசையில் நிற்பதை அவர் வெறுத்தார் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. பளபளச் சட்டை போட்டார், பஸ்ஸைத் தவறவிட்டார், முன்னால் பாடுகிறவரின் கைதட்டலைப் பிடுங்கினார், கடைசியில் லிட்டில் ரிச்சர்ட் குழுவிலிருந்து வெளியே அனுப்பப்பட்டார். வெறுத்துக்கொண்டே கற்றார். நீங்களும் வெறுத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. கற்காமல் வெறுப்பதைத்தான் சொல்கிறேன்.

சரியான ஓர் ஆள் என்ற உங்கள் கணக்கும் உதைக்கிறது. 1966இல் நியூயார்க்கின் சீட்டா கிளப்பில் ஹெண்ட்ரிக்ஸ் வாசித்தபோது லிண்டா கீத் என்ற இளம்பெண் இவரிடம் என்ன இருக்கிறது என்று உடனே கண்டுகொண்டார். ரோலிங் ஸ்டோன்ஸின் மேலாளரைக் கூட்டிவந்து காட்டினார், அவர் வேண்டாம் என்றார். சீமோர் ஸ்டைன் என்ற தயாரிப்பாளரும் அப்படியே. பிறகுதான் இவரை லண்டனுக்குக் கூட்டிப்போன சாஸ் சாண்ட்லர், அனிமல்ஸ் என்ற இங்கிலாந்துக் குழுவில் பாஸ் வாசித்தவர். அவர் ‘ஹே ஜோ’ என்ற பாட்டைப் பதிவுசெய்ய ஆள் தேடிக்கொண்டிருந்தார், ஹெண்ட்ரிக்ஸோ அதை ஏற்கெனவே மேடையில் வாசித்துக்கொண்டிருந்தார். அந்தப் பாட்டும் அடுத்தவர் பாட்டுதான், கவனியுங்கள். லண்டன் போனபின் முதல் கச்சேரி அக்டோபரில் பிரான்ஸின் எவ்ரோவில், ஜானி ஹாலிடே என்ற நட்சத்திரத்துக்கு முன்னால் வாசிக்கிற துணை நிகழ்ச்சி. 1967 ஜூனில் மான்டெரே இசைவிழாவில் அமெரிக்காவையே உலுக்கிய பிறகு, ஜூலையில் என்ன செய்தார் தெரியுமா? மங்கீஸ் என்ற பாப் குழுவின் கச்சேரிகளில் அவர்களுக்கு முன்னால் துணை நிகழ்ச்சியாக வாசித்தார். வந்திருந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ‘மங்கீஸ்தான் வேண்டும்’ என்று கத்தினார்கள். சில கச்சேரிகளோடு விலகிவிட்டார். உங்கள் கல்யாண வீட்டுக்காரர்கள் அந்தப் பிள்ளைகளைவிட மரியாதையானவர்கள் என்றே நினைக்கிறேன்.

பெங்களூர் உங்கள் இஷ்டம். வங்கித் தேர்வு எழுதுங்கள், எழுதுவதால் விரல் மரத்துப்போகாது. ஒப்பந்தத்தில் மட்டும் என் பேச்சைக் கேளுங்கள். 1965 அக்டோபரில் நியூயார்க்கில் ஒரு தயாரிப்பாளர் நீட்டிய தாளில் ஹெண்ட்ரிக்ஸ் கையெழுத்துப் போட்டார். மூன்று வருஷத்துக்கு, கைக்கு 1 டாலர், விற்பனையில் 1 சதவீதம். புகழ் வந்த பிறகு அந்தத் தாள் வழக்காகத் திரும்பி வந்தது. அதைத் தீர்க்க ஒரு முழு ஆல்பத்தையே கொடுக்க வேண்டியிருந்தது, 1970இல் வெளியான ‘பேண்ட் ஆஃப் ஜிப்சிஸ்’. உங்களுக்கு வந்த தாளில் ‘எல்லா உரிமைகளும்’, ‘நிரந்தரமாக’ என்ற சொற்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள், பார்த்துவிட்டு ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். அதற்கு முன் பேனாவைத் தொடக்கூடாது.

மூன்று பாட்டையும் கேட்டேன். முதலாவது பரவாயில்லை. இரண்டாவதைப் பற்றிப் பேச வேண்டாம். மூன்றாவதில் அந்தப் பெண் நிஜமாகவே நன்றாகப் பாடுகிறார். ஆனால் சரணத்தில் அவர் மூச்சு எடுக்கிற ஒவ்வொரு இடத்திலும் உங்கள் கிட்டார் ஏறி உட்கார்ந்துகொள்கிறது, அவர் அடுத்த வரியைத் தொடங்கிய பிறகும் இறங்குவதில்லை. அதை அழித்துவிட்டு, வெறும் ரிதத்தோடு மறுபடி பதிவுசெய்து அனுப்புங்கள். முகூர்த்தம் இல்லாத வாரமாகப் பார்த்துச் செய்தால் போதும், அவசரமில்லை.

அன்புடன்.