கருவை உடனே வைக்காமல் உறைய வைத்தது ஏன்?

கடலூர் சகோதரிக்கு,

டெஸ்ட் டியூப் (IVF) சிகிச்சையில் 18 முட்டை எடுத்தும் கருவை உடனே வைக்காமல் உறைய வைத்துவிட்டார்கள், ஏதோ கோளாறு என்று அத்தை அழுகிறார் என எழுதியிருந்தீர்கள். அத்தையிடம் சொல்லுங்கள், கருவில் குறை என்பதற்காக இப்படிச் செய்வதில்லை.

ஊசிகளால் நிறைய முட்டை வளரும்போது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் மிக அதிகமாக ஏறும். கருவைத் தாங்க கருப்பையைத் தயார் செய்யும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனும் முன்கூட்டியே கூடினால், கருப்பையின் உள்சவ்வு கருவை முந்திக்கொண்டு முதிர்ந்துவிடும். அப்போது வைத்தால் ஒட்டும் வாய்ப்பு குறையும். இத்தனை முட்டை வந்தவர்களுக்கு வயிற்றில் நீர் கோத்து வீங்கும் ஆபத்தும் உண்டு. கர்ப்பமானால் அது இன்னும் மோசமாகும். உங்கள் விஷயத்தில் எது காரணம் என்று டாக்டரிடமே கேளுங்கள், தயங்காதீர்கள்.

அடுத்து ஈஸ்ட்ரோஜன் மாத்திரை தருவார்கள். ஸ்கேனில் சவ்வு பொதுவாக 7 மில்லிமீட்டராவது வந்ததும் புரோஜெஸ்டிரோன் தொடங்கும். அப்புறம்தான் கரு. பாண்டிக்கு ஸ்கேனுக்குப் போகும் நாளிலும் மருந்தைக் கையோடு எடுத்துப் போங்கள். இந்த மாத்திரை முறையில் முட்டை வெடிக்காது, அதனால் உடம்பு தானாகப் புரோஜெஸ்டிரோன் சுரக்காது. டெஸ்ட் பாசிட்டிவ் வந்தாலும், லேசாக ரத்தம் பட்டாலும் மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். உடனே டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.