சாப்பிடும்போது உறுமுகிறான், இப்போது கவ்வியும் விட்டான்: என்ன செய்வது?

கேள்வி: எங்கள் மணிக்கு 14 மாதம் ஆகிறது. தெருவில் கிடந்த குட்டியை எடுத்து வளர்த்தோம். எல்லோரிடமும் பிரியமாக இருப்பான். ஆனால் கொஞ்ச நாளாகச் சாப்பிடும்போது பக்கத்தில் யார் போனாலும் உறுமுகிறான். மகளின் சாக்ஸைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்தாலும் இதே கதைதான். 'யார் எஜமான் என்று அவனுக்குக் காட்ட வேண்டும்' என்று என் மாமனார் தட்டைப் பிடுங்கி, பேப்பரைச் சுருட்டி இரண்டு போடுவார். உறுமுவது நின்றது, திருந்திவிட்டான் என்று நினைத்தோம். போன வாரம் சத்தமே இல்லாமல் மாமனாரின் கையைக் கவ்விவிட்டான். பல் பட்டு லேசாகக் கீறிவிட்டது. வீட்டில் 6 வயது மகள் இருக்கிறாள், பயமாக இருக்கிறது. கருத்தடை செய்தால் சரியாகும் என்கிறார்கள். இல்லை, யாரிடமாவது கொடுத்துவிடலாமா?
– திருப்பூர் வாசகி

பதில்: முதலில் உங்கள் மாமனாரின் கை. வீட்டு நாய்தானே, சின்னக் கீறல்தானே என்று விட்டிருந்தால் இன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். பல் பட்டுத் தோல் கீறினால், ரத்தம் வராவிட்டாலும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி தேவை. ரத்தம் கசிந்திருந்தால் காயத்திலேயே போடும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவைப்படும், அதை டாக்டர் முடிவு செய்வார். அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம்தான். இனி எப்போது பல் பட்டாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித்தூள் எதையும் வைக்க வேண்டாம். மணிக்கு மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, வருடா வருடம் தொடர்கிறீர்களா என்றும் அட்டையைப் பாருங்கள். கவ்விய நாளிலிருந்து 10 நாள், வெறிநோய் அறிகுறி ஏதும் தெரிகிறதா என்று பார்க்க, அவன் உங்கள் கண் பார்வையில் இருக்க வேண்டும்.

இப்போது மணியிடம் வருவோம். அவன் திடீரென்று கடிக்கவில்லை. நீங்கள் எழுதியிருப்பதிலேயே காரணம் இருக்கிறது. அவன் உறுமினான், அதற்கு அடி விழுந்தது, உறுமுவதை விட்டான். தட்டைப் பிடுங்குகிறார்கள் என்ற பயம் மட்டும் அப்படியே இருந்தது. பின்னால் வரும் லாரியின் ஹாரன் வயரை அறுத்துவிட்டால் சத்தம் நின்றுவிடும், லாரி வந்துகொண்டுதான் இருக்கும். 'கிட்ட வராதே' என்று சொல்ல மணிக்கு இருந்த நாகரிகமான வழி அந்த உறுமல் ஒன்றுதான். அதை அடைத்த பிறகு அவனிடம் மிச்சம் இருந்தது பல். அதையும் பாதி வேகத்தில்தான் பயன்படுத்தியிருக்கிறான். முழு வேகத்தில் கடித்திருந்தால் நீங்கள் கீறல் என்று எழுதியிருக்க மாட்டீர்கள்.

ஆகவே என் முதல் வேண்டுகோள் உங்களுக்கு விநோதமாகத் தோன்றலாம்: மணி மறுபடி உறுமினால் சந்தோஷப்படுங்கள். திட்டாமல், முறைக்காமல், அப்படியே நின்று, பின்வாங்கிவிடுங்கள். 'பயந்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்வானே' என்று மாமனார் கேட்பார். அவன் நினைத்துக்கொள்வது அதுவல்ல. சொன்னால் கேட்கிறார்கள், கடிக்க வேண்டிய அவசியமில்லை என்பதைத்தான் அவன் கற்றுக்கொள்கிறான்.

இந்த எஜமான் கதை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், மாமனாருக்குப் படித்துக் காட்டலாம். ருடால்ஃப் ஷென்கெல் என்பவர் சுவிட்சர்லாந்தின் பாசல் மிருகக்காட்சிச் சாலையில் அடைத்து வைத்திருந்த ஓநாய்களைக் கவனித்து 1947இல் எழுதினார். அடைபட்ட இடத்தில் அவை முதலிடத்துக்கு முட்டி மோதிக்கொண்டன. அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970இல் எழுதிய புத்தகம் இந்தக் கருத்தை உலகமெல்லாம் பரப்பியது, அதை அப்படியே நாய்க்கும் பொருத்திவிட்டார்கள். பிறகு அதே மெக், கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல கோடைகாலங்கள் கூடவே இருந்து பார்த்தார். அங்கே கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு அப்பா, ஒரு அம்மா, அவற்றின் பிள்ளைகள், அவ்வளவுதான். 1999இல் தன் பழைய கருத்தைத் திருத்தி எழுதினார். அவர் திருத்திக்கொண்டதை நம் ஊர் நாய்ப் பயிற்சியாளர்கள் பலர் இன்னும் திருத்திக்கொள்ளவில்லை. நாயும் ஓநாயும் பிரிந்து குறைந்தது 14,000 ஆண்டுகள் ஆகின்றன என்பது வேறு.

தட்டைக் காப்பது பதவிச் சண்டையே இல்லை. கிடைத்ததைப் பறிகொடுக்காமல் இருப்பது எந்த நாய்க்கும் இயல்பு, வயிறு நிறையத் தின்று வளர்ந்த லாப்ரடாரும் இதைச் செய்யும். சாதுவான நாய் தன்னைவிடப் பெரிய நாயிடமிருந்துகூட எலும்பைக் காக்கும். மணிக்கு வளரும் பருவம் வேறு. ஆறாம் மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை, குட்டியில் இல்லாத பல குணங்கள் தலைகாட்டும் காலம் அது. அந்த நேரத்தில் தட்டு நிஜமாகவே பிடுங்கப்பட்டது. அவனுடைய சந்தேகம் சரிதான் என்று நாமே அவனுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டோம். தின்னும்போது தட்டில் கையை விட்டுப் பழக்குங்கள் என்று சிலர் சொல்வதும் இதே ரகம்தான், தயவுசெய்து செய்யாதீர்கள்.

உறுமலுக்கு முன்னாலேயே நாய் நிறையச் சொல்லிவிடும். நாம்தான் கவனிப்பதில்லை. நீங்கள் நடந்து வரும்போது மணி தின்னும் வேகத்தைப் பாருங்கள். திடீரென்று அவசரமாக விழுங்க ஆரம்பித்தால் அது பசி இல்லை. தலையைத் தட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு தோளால் மறைப்பான். தலை அசையாது, கண் மட்டும் ஓரமாக உங்களைத் தொடரும், வெள்ளை விழி பிறை போலத் தெரியும். கடைசியாக ஒரு நொடி உடம்பு கல் மாதிரி உறைந்துவிடும். அந்த உறைதல்தான் மிக ஆபத்தான அறிகுறி, கடிபட்டவர்கள் பெரும்பாலும் தவறவிடுவதும் அதைத்தான். 'வாலை ஆட்டிக்கொண்டுதானே இருந்தான்' என்பார்கள். உடம்பு முழுக்க நெளிய, தளர்வாக ஆடும் வால் வேறு. விறைத்து உயர்ந்து, நுனி மட்டும் படபடக்கும் வால் வேறு. இரண்டாவதில் நட்பு இல்லை.

பயிற்சிக்கு முன்னால் ஒருமுறை கால்நடை மருத்துவரைப் பாருங்கள். காதில் சீழ், பல் வலி, உண்ணிக் காய்ச்சல், மூட்டு வலி என்று எது இருந்தாலும் நாய்க்குப் பொறுமை குறையும். வலியைப் பயிற்சியால் சரிசெய்ய முடியாது.

அப்புறம், இன்றிலிருந்தே செய்ய வேண்டியது ஒன்று. மணிக்குச் சாப்பாடு தனி இடத்தில் வையுங்கள். பின்கட்டோ மொட்டை மாடியோ, கதவைச் சாத்தக்கூடிய இடமாக இருக்க வேண்டும். அவன் தின்று முடித்து வெளியே வந்த பிறகு, அவன் பார்க்காதபோது தட்டை எடுங்கள். உங்கள் மகள் அந்தப் பக்கமே போகக் கூடாது. நாய் தின்னும்போதும், தூங்கும்போதும், எதையாவது வாயில் வைத்திருக்கும்போதும் தொடக் கூடாது என்று அவளுக்குச் சொல்லுங்கள். ஆனால் ஆறு வயதுக் குழந்தை நினைவில் வைத்திருக்கும் என்று நம்பி இருக்காதீர்கள், கதவுதான் நம்பகமானது. பயிற்சியில் எந்தக் கட்டத்திலும் குழந்தைக்குப் பங்கு கிடையாது. பல வீடுகளில் இந்த ஏற்பாடு ஒன்றிலேயே பிரச்சினை அடங்கிவிடும். அதோடு நிறுத்திக்கொண்டாலும் தவறில்லை.

பயிற்சி என்பது ஆள் வரும் சத்தத்துக்கு மணியின் மனதில் இருக்கும் அர்த்தத்தை மாற்றுவதுதான். இன்றைக்கு 'ஆள் வந்தால் தட்டு போகும்'. அதை 'ஆள் வந்தால் கோழி வரும்' என்று ஆக்க வேண்டும். மசாலா, வெங்காயம் சேராமல் வெறுமனே வேகவைத்த எலும்பில்லாத கோழியைச் சுண்டுவிரல் நகமளவு துண்டுகளாக்கிக்கொள்ளுங்கள். (குழம்பில் இருந்து எடுத்துப் போடாதீர்கள், வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைக் கெடுக்கும். வெந்த எலும்பு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும்.) தட்டில் வழக்கமான, அவனுக்கு அலுத்துப்போன சாதமே இருக்கட்டும். வருகிறவர் கையில் இருப்பது தட்டில் இருப்பதைவிட ருசியாக இருக்க வேண்டும், மாரி பிஸ்கட் போதாது.

அவன் தின்னத் தொடங்கியதும், எவ்வளவு தூரத்தில் நின்றால் கொஞ்சமும் இறுகாமல் தின்கிறானோ அங்கிருந்து தொடங்குங்கள். பத்தடியாக இருக்கலாம், வாசல் நிலையாகவும் இருக்கலாம். அந்த இடத்துக்கு நடந்து வாருங்கள், ஒரு துண்டைத் தட்டருகே வீசுங்கள், உடனே திரும்பிப் போய்விடுங்கள். பேச வேண்டாம், குனிய வேண்டாம், கண்ணுக்குள் பார்க்க வேண்டாம். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஐந்தாறு தடவை போதும். வரிசை முக்கியம்: முதலில் காலடி, பிறகு கோழி. கோழியைக் காட்டிக்கொண்டே வந்தால் அவன் கோழியைத்தான் கவனிப்பான், உங்களை அல்ல. ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் சோதனையில் நாய்கள் மணி அடிக்கும் ஓசைக்கு எச்சில் ஊறவிட்டதும், ஓசை முதலில் வந்து சாப்பாடு பின்னால் வந்ததால்தான்.

சில நாளில் ஒரு மாற்றம் தெரியும். காலடி கேட்டதும் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, முகம் தளர்ந்து, 'எங்கே என் துண்டு' என்று உங்களைப் பார்ப்பான். அந்தப் பார்வை வந்த பிறகுதான் அரை அடி முன்னால் போகலாம். அது வராமல் தூரத்தைக் குறைத்தால் பயிற்சி கெடும். எங்காவது இறுகினான், வேகமாக விழுங்கினான் என்றால் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள். அடுத்த வேளைக்குப் பழைய தூரத்துக்குப் போய்விடுங்கள். இதற்கு வாரங்கள் ஆகும், சில நாய்களுக்கு மாதங்கள். தட்டருகே நின்று துண்டைப் போடும் நிலை வந்தாலே எனக்குத் திருப்தி. தட்டை எடுத்துப் பார்க்கும் சோதனையெல்லாம் வீட்டில் யாருக்கும் தேவைப்படாத ஒன்று.

ஒருவரிடம் கற்றதை நாய் தானாக எல்லோருக்கும் பொருத்திக்கொள்ளாது. உங்களிடம் தேறியவன் கணவரிடம் தொடக்கத்திலிருந்து தொடங்குவான். மாமனார் கடைசியில்தான் வர வேண்டும், அவர் கையைத்தான் மணி அதிகம் நம்பாமல் இருக்கிறான். அதுவரை அவருக்கு வேறு வேலை கொடுங்கள். காலையில் நடை கூட்டிப்போகட்டும், சாப்பாட்டு நேரம் இல்லாதபோது நின்ற இடத்திலிருந்தே ஒன்றிரண்டு துண்டுகளைத் தரையில் போடட்டும். பெரியவரிடம் 'நீங்கள் செய்தது தப்பு' என்று ஆரம்பிப்பதைவிட இது எளிது.

சாக்ஸ் விஷயத்தில் துரத்துவதை நிறுத்துங்கள். துரத்தினால் அந்தப் பழைய சாக்ஸ் பொக்கிஷமாகிவிடும். கட்டிலுக்கு அடியில் கையை விடவே கூடாது. அவன் வாயில் இருப்பது விழுங்கினால் ஆபத்தான பொருள் இல்லை என்றால் கண்டுகொள்ளாமல் விடுங்கள், பாதி நேரம் அவனே போட்டுவிட்டு வந்துவிடுவான். எடுத்தே ஆக வேண்டும் என்றால் கொஞ்சம் தள்ளிக் கோழித் துண்டுகளை வரிசையாகப் போட்டு அவனை வேறு அறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்திவிட்டு எடுங்கள். மற்ற நேரங்களில் பண்டமாற்று விளையாட்டு நடக்கட்டும். அவன் பெரிதாகப் பொருட்படுத்தாத பந்தை வாயில் வைத்திருக்கும்போது 'விடு' என்று சொல்லி, விட்டதும் கோழி கொடுத்து, பந்தையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். திருப்பிக் கொடுப்பதில்தான் இந்த விளையாட்டே இருக்கிறது. முதலில் பந்து, பிறகு கயிறு, கடைசியாகத்தான் சாக்ஸ்.

கருத்தடை செய்யுங்கள், அதற்கு வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன. ஊர் சுற்றுவதும் சிறுநீர் தெளிப்பதும் குறையும், தெருவில் குட்டிகள் பெருகாது. தட்டைக் காக்கும் பழக்கத்துக்கு அது மருந்து என்று எதிர்பார்க்காதீர்கள்.

கொடுத்துவிடுவது பற்றி: இப்போதைக்கு வேண்டாம் என்பேன். கதவு சாத்தக்கூடிய வீடும், சொன்னதைக் கேட்கும் பெரியவர்களும் இருந்தால் இது சமாளிக்கக்கூடியதுதான். ஆனால் தட்டும் சாக்ஸும் இல்லாதபோதும் மகளைப் பார்த்து இறுகினாலோ, ஒருமுறையாவது ஆழமாகக் கடித்தாலோ, குழந்தையையும் நாயையும் பிரித்து வைக்க வீட்டில் வசதியே இல்லை என்றாலோ என் பதில் மாறும். அப்போது நடத்தைப் பிரச்சினைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருவர் நேரில் வந்து பார்க்க வேண்டும். குழந்தை இல்லாத வேறு வீட்டுக்கு அனுப்ப முடிவெடுத்தால், வாங்குகிறவரிடம் நடந்ததை எதையும் மறைக்காமல் சொல்லிக் கொடுங்கள்.