ஒன்பது வெற்றி, மூன்று புள்ளி

கேள்வி: 1948-ல் ஹல் சிட்டி என்ற இங்கிலாந்து கால்பந்து அணி சீசன் தொடக்கத்தில் வரிசையாக வென்ற ஒன்பது ஆட்டங்களுக்குப் போன இதழில் ஒரு முழுப்பக்கம் கொடுத்திருந்தீர்கள். அது மூன்றாம் டிவிஷன். பெரிய ஆட்டக்காரர்கள் எட்டிக்கூடப் பார்க்காத இடம். அதிலும் ஆகஸ்ட், செப்டம்பர் ஆட்டங்கள்! லீக் முடிவாவது ஏப்ரலில்தானே? இதற்கு ஒரு பக்கம் தேவையா?
— திருச்சி வாசகர் ஒருவர்

பதில்: தேவைதான். இன்னொரு பக்கமும் கொடுத்திருக்கலாம் என்று உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு தோன்றுகிறது.

ஏப்ரல் என்கிறீர்கள். சரி, கணக்கைப் பார்ப்போம். அப்போது மூன்றாம் டிவிஷன் வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொன்றிலும் 22 அணிகள், அணிக்கு 42 ஆட்டங்கள், வெற்றிக்கு 2 புள்ளி. ஒவ்வொரு பிரிவிலிருந்தும் இரண்டாம் டிவிஷனுக்கு ஏறுவது ஒரே ஓர் அணி. இரண்டாவதாக வந்தவருக்கு ஒன்றுமில்லை. அடுத்த இடங்களில் வந்த அணிகள் தங்களுக்குள் மோதி ஏறும் ப்ளே-ஆஃப் வாய்ப்பு இன்று இருக்கிறது, அன்று கிடையாது. 1948-49 வடக்குப் பிரிவில் ஹல் 65 புள்ளி எடுத்தது, ராதர்ஹாம் 62. அந்த ஒன்பதில் இரண்டே இரண்டு ஆட்டத்தில் தோற்றிருந்தால் ஹல்லின் கணக்கு 61. ஏப்ரலில் அவர்கள் எவ்வளவு நன்றாக ஆடியிருந்தாலும் ஏறியிருப்பது ராதர்ஹாம்தான்.

ராதர்ஹாம் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். 1947, 1948, 1949 என்று மூன்று வருடம் தொடர்ந்து இரண்டாமிடம். 1948-ல் லிங்கன் அணியிடம் முதலிடத்தை இழந்தது ஒரே ஒரு புள்ளியில். செப்டம்பரில் கோட்டைவிட்ட ஒரு டிரா என்ன விலை என்று அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

தொடக்க ஆட்டங்களுக்கு அந்தக் காலத்தில் இன்னொரு மதிப்பும் இருந்தது. மைதானங்களில் லீக் ஆட்டத்துக்கு விளக்கு இல்லை. விளக்கொளியில் முதல் லீக் ஆட்டம் நடந்ததே 1956-ல்தான். வாரநாளில் வேலை முடித்து வந்து மாலையில் ஆட்டம் பார்க்க வேண்டுமானால் பொழுது நீண்டிருக்கும் ஆகஸ்ட், செப்டம்பரை விட்டால் சீசன் கடைசிவரை காத்திருக்க வேண்டும். அதனால் சனி, வாரநடு, மறுபடி சனி என்று ஆட்டங்கள் நெருக்கியடித்து வரும். மாற்று ஆட்டக்காரரை இறக்கவும் விதி இடம் தராது. முதல் பத்து நிமிடத்தில் ஒருவர் கால் பிசகினால் மீதி எண்பது நிமிடமும் பத்துப் பேர்தான், அல்லது அவர் நொண்டியபடியே ஓரத்தில் நிற்பார். இந்த நெருக்கடியில் ஒன்பது ஆட்டம் வரிசையாக வெல்வதை வார்ம்-அப் என்று என்னால் சொல்ல முடியாது.

குளிர்காலத்தை நம்பவும் முடியாது. 1946-47-ல் பனி அப்படிக் கொட்டியது. ஆட்டங்கள் தள்ளிப்போயின. உற்பத்தி கெடும் என்று வாரநாள் ஆட்டங்களை அரசு நிறுத்திவைத்தது. அந்த சீசன் ஜூன் 14-ல்தான் முடிந்தது. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் வெயில் காயும்போதே புள்ளியைச் சேர்த்து வைக்கத்தான் நினைப்பார்கள்.

அடுத்தது, பெரிய ஆட்டக்காரர்கள் எட்டிப் பார்க்காத இடம் என்ற உங்கள் வார்த்தை. இதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த ஹல் அணியில் ஆட்டக்காரராகவும் மேனேஜராகவும் இருந்தவர் ரெய்ச் கார்ட்டர். சண்டர்லாந்து அணியுடன் 1936-ல் லீக் பட்டம், 1937-ல் கேப்டனாக எஃப்.ஏ. கோப்பை, அதாவது எல்லா டிவிஷன் அணிகளும் மோதும் நாக்-அவுட் கோப்பை. போர் முடிந்ததும் 1946-ல் டெர்பியுடன் மறுபடி அதே கோப்பை. போருக்கு முன்னும் பின்னும் அந்தக் கோப்பையை வென்ற ஆட்டக்காரர் அவர் ஒருவர்தான். 1948-ல் 6,000 பவுண்டுக்கு ஹல் வந்தபோது வயது 34, தலை நரைத்திருந்தது. இன்சைடு ஃபார்வர்டு, அதாவது நடு முன்கள ஆட்டக்காரருக்குப் பக்கத்தில் நின்று அவருக்குப் பந்தை எடுத்துக் கொடுப்பவர். ஓடி இளைக்கிற வயது தாண்டிவிட்டது. ஆனால் பந்து எங்கே போக வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஈரம் குடித்தால் கல்லாய்க் கனக்கும் தோல் பந்து அது. தையலை லேஸ் போட்டு இறுக்கியிருப்பார்கள். தலையில் முட்டுகிறவர் நெற்றியில் அந்த லேஸ் பட்டால் கீறிவிடும். அந்தப் பந்தை அவர் இடம் பார்த்துத் தட்டிவிட, ஓடும் வேலையை இளையவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

அவர் மட்டுமா? இங்கிலாந்தின் சென்டர் ஃபார்வர்டு (நடு முன்கள ஆட்டக்காரர்) டாமி லாட்டன் 1947 நவம்பரில் செல்சியை விட்டு நாட்ஸ் கவுன்ட்டிக்குப் போனார். 20,000 பவுண்டு, அன்றைக்கு பிரிட்டனில் அதுவே சாதனைத் தொகை. நாட்ஸ் இருந்தது மூன்றாம் டிவிஷன் தெற்கில்! அங்கிருந்துகொண்டே அவர் தேசிய அணிக்கும் ஆடினார். காரணம் சம்பள உச்சவரம்பு. சீசனில் வாரம் 12 பவுண்டு, கோடையில் 10. முதல் டிவிஷனோ மூன்றாவதோ, அதற்குமேல் ஒரு கிளப்பும் தரக் கூடாது. ஆகவே கீழே இறங்கினால் கூலி குறையும் என்ற பயம் பெரிய ஆட்டக்காரருக்கு இல்லை. 1961-ல் அந்த வரம்பு போனது.

கூட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1948 கிறிஸ்துமஸ் அன்று ஹல்லும் ராதர்ஹாமும் மோதியதைப் பார்க்க வந்தவர்கள் 49,655 பேர். அடுத்த பிப்ரவரியில் எஃப்.ஏ. கோப்பையில் மான்செஸ்டர் யுனைட்டட் வந்தபோது 55,019. ஹல் 0-1 என்று தோற்றது.

ஹல் ஊரை நினைத்துப் பாருங்கள். குண்டுவீச்சில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட வீடுகள் சேதமான துறைமுகம் அது. போர்க்காலச் செய்திகளில் அதன் பெயரைக்கூடப் போடவில்லை, ‘வடகிழக்குக் கடலோர ஊர் ஒன்று’ என்றுதான் போட்டார்கள். 1946 ஆகஸ்ட் 31-ல் பூத்ஃபெரி பார்க் என்ற புது மைதானத்தைத் திறந்து லிங்கனுடன் 0-0 ஆடினார்கள். விரும்பிய நிறத்தில் சட்டைத் துணி கிடைக்கவில்லை, ரேஷன் காலம். கிடைத்த வெளிர்நீலத்தில் ஒரு சீசன் ஓட்டினார்கள். அதற்கு இரண்டே வருடம் கழித்து வந்தவை அந்த ஒன்பது வெற்றிகள். பெயரே போடாமல் விட்ட ஊரின் பெயர் வாராவாரம் ரேடியோவில் முடிவுகளோடு வந்தது. அதை ஒரு பக்கம் எழுதாமல் வேறு எதை எழுதுவது?

ராதர்ஹாம் 1951-ல் ஒருவழியாக முதலிடம் பிடித்து ஏறியது. அடுத்த இதழில் ஒரு பக்கம் அவர்களுக்கு.