மவுஸுக்குப் புது ஸ்விட்ச் போதும், புதுத் தவணை வேண்டாம்

கேள்வி: மூன்று ஆண்டுகளாக நான் பயன்படுத்திவரும் கம்பியில்லா கேமிங் மவுஸில், இடது பொத்தானை ஒருமுறை அழுத்தினால் இரண்டு முறை அழுத்தியதாகப் பதிவாகிறது. உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது. பழுதுபார்ப்பவர் கேட்கும் தொகை, புது மவுஸின் விலையில் ஏழில் ஒரு பங்கு அளவுக்கு வருகிறது. என் தம்பியோ, "பழையதை எனக்குக் கொடுத்துவிட்டு நீ புதிய 8000 ஹெர்ட்ஸ் மவுஸை வாங்கிக்கொள், அண்ணா" என்கிறான். 12 மாத வட்டியில்லாத் தவணையில் அது கிடைக்கிறது. கீபோர்டுக்கு இன்னும் 5 தவணைகளும், தம்பிக்காக என் பெயரில் வாங்கிய ஹெட்செட்டுக்கு 7 தவணைகளும் பாக்கி இருக்கின்றன. ஹெட்செட்டுக்குத் தம்பி இரண்டு தவணைகளோடு பணம் தருவதை நிறுத்திவிட்டான். பழுதுபார்ப்பதா, புதிதாக வாங்குவதா? மூன்றாவது தவணையையும் சமாளிக்க முடியுமா என்ற கவலையில் தூக்கம் வரவில்லை.

பதில்: பழுதுபாருங்கள். மவுஸைப் பற்றிய கேள்விக்கு இவ்வளவுதான் பதில், அதற்கான காரணத்தைக் கீழே கணக்கோடு தருகிறேன். ஆனால் உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது மவுஸ் அல்ல என்பது கடிதத்தின் கடைசி வரிகளிலேயே தெரிகிறது. ஒரு தவணை முடிவதற்குள் அடுத்ததைத் தொடங்குவதும், இன்னொருவர் பயன்படுத்தும் பொருளுக்கு உங்கள் பெயரில் கையெழுத்திடுவதும் உங்களுக்குப் பழக்கமாகிவிட்டன. அந்தப் பழக்கம் நிற்காதவரை, எந்த மவுஸை வாங்கினாலும் அடுத்த ஆண்டு இதே கடிதத்தைத்தான் எனக்கு எழுதுவீர்கள்.

உங்கள் கடிதத்தைச் சுருக்கியே மேலே தந்திருக்கிறேன். நீங்கள் எழுதிய தொகைகளையும் அப்படியே வெளியிடாமல், புது மவுஸின் விலையை 100 பங்கு என்று வைத்து மற்றவற்றை அதற்கேற்ப மாற்றியிருக்கிறேன். அப்படிப் பார்த்தால், பழுதுக்கு 15 பங்கு, கீபோர்டுக்கு மாதம் 10 பங்கு, ஹெட்செட்டுக்கு மாதம் 7 பங்கு ஆகிறது.

முதலில் மவுஸைப் பார்ப்போம். எந்தப் பொருள் பழுதானாலும், கெட்டது முழுப் பொருளா, அதிலுள்ள ஓர் உறுப்பா என்பதைத் தெரிந்துகொள்ளாமல் பணத்தைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது. பொத்தானுக்கு அடியில், விரல் நகத்தைவிடச் சற்றே பெரிய ஒரு பிளாஸ்டிக் பெட்டி, மூன்று உலோகக் கால்களோடு சர்க்யூட் போர்டில் சாலிடர் செய்யப்பட்டிருக்கும். அதற்குள் இருக்கும் மெல்லிய உலோகத் தகடு ஒவ்வொரு அழுத்தலிலும் வளைந்து, கீழுள்ள தொடுமுனையைத் தொட்டுவிட்டு மீள்கிறது. நாளடைவில் தகட்டின் விறைப்பு தளர்கிறது, தொடுமுனையில் மெல்லிய படலம் படிகிறது, அதனால் ஒரே அழுத்தலில் தொடர்பு விட்டுவிட்டுக் கிடைக்கிறது. கணினி அதை இரண்டு கிளிக்குகளாக எண்ணிக்கொள்கிறது. ஒரு கோப்பை அழுத்திப் பிடித்துத் திரையின் குறுக்கே இழுத்துச் செல்லும்போது, விரலை எடுக்காமலேயே அது பாதி வழியில் நழுவி விழுந்தால், பழுது இந்த ஸ்விட்ச்சில்தான் இருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடலாம்.

இது உங்கள் கவனக்குறைவால் வந்த பழுது அல்ல. பல மவுஸ்களில் பொருத்தப்படும் இத்தகைய ஸ்விட்ச்சுகளுக்கு 2 கோடி அழுத்தல்கள் என்று ஆயுள் குறிப்பிடுகிறார்கள். நாளுக்கு மூன்று மணி நேரம் விளையாடுவதாக எழுதியிருக்கிறீர்கள். நிமிடத்துக்கு 60 கிளிக் என்று வைத்தால் நாளுக்கு 10,800, ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம், மூன்று ஆண்டுகளில் 1 கோடியே 20 லட்சம். தகடு முறியாமல் 2 கோடியைத் தாண்டக்கூடும், ஆனால் தொடர்பு சீராகக் கிடைப்பது அதற்கு முன்பே கெட்டுவிடுவது சாதாரணமாக நடப்பதுதான். அதே மூன்று ஆண்டுகளில் மவுஸின் சென்சார் ஏறக்குறைய தேயவே இல்லை, ஏனென்றால் அதில் அசையும் பகுதி எதுவும் கிடையாது. ஒருமுறை சார்ஜ் செய்தால் பழையபடியே நான்கைந்து நாள் தாங்குகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால், பேட்டரியும் நன்றாகவே இருக்கிறது. அதாவது, விலையில் பெரும்பகுதியைக் கொடுத்து நீங்கள் வாங்கிய உறுப்புகள் வேலை செய்துகொண்டிருக்கின்றன, மலிவான ஓர் உறுப்பு மட்டும் ஓய்ந்துவிட்டது.

இனி விலைக் கணக்கு. தவணைக் கட்டணத்தையும் சேர்த்தால் புது மவுஸுக்கு நீங்கள் 103 பங்கு கொடுப்பீர்கள். அதுவும் இதைப் போலவே மூன்று ஆண்டு உழைக்கும் என்று கொண்டால், மாதத்துக்கு மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவாக ஆகிறது. பழுதுக்கான 15 பங்கை அதோடு ஒப்பிட்டால், சரிசெய்த மவுஸ் ஆறு மாதம் ஓடினாலே செலவு தகும், ஓராண்டு ஓடினால் பாதிச் செலவில் வேலை முடிந்துவிடும். புது ஸ்விட்ச் ஆறு மாதம்கூடத் தாங்காது என்று எண்ணுவதற்குக் காரணம் எதுவும் இல்லை.

இந்தக் கணக்கு தலைகீழாகும் நிலைகளும் உண்டு. பேட்டரியும் தளர்ந்து, ஸ்க்ரோல் வீலும் தாவி, மொத்தச் செலவு 40 பங்கை நெருங்கினால் நான் தயங்குவேன், ஏனென்றால் அப்போது ஒவ்வோர் உறுப்பாக வயது முதிர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். பேட்டரி உப்பி மவுஸின் மேலோடு விலகியிருந்தால் கணக்கே போட வேண்டாம், உடனே பயன்பாட்டை நிறுத்திவிட வேண்டும். மவுஸின் அளவு கைக்குப் பொருந்தாமல் மணிக்கட்டு வலித்தாலும் மாற்றுவதுதான் சரி. உங்கள் கடிதத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

தம்பி பரிந்துரைக்கும் 8000 ஹெர்ட்ஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை முறை என்பதைக் குறிக்கும் அளவு. உங்கள் மவுஸ் நொடிக்கு 1000 முறை, அதாவது 1 மில்லிநொடிக்கு ஒருமுறை, தன் நிலையைக் கணினிக்குச் சொல்கிறது. புதியது 0.125 மில்லிநொடிக்கு ஒருமுறை சொல்லும். ஆகவே உங்களுக்குக் கிடைக்கும் ஆதாயம் ஒரு மில்லிநொடிக்கும் குறைவு. 144 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு காட்சி மாறி அடுத்தது வருவதற்கே ஏறக்குறைய 7 மில்லிநொடி ஆகிறது, திரையில் தோன்றியதைக் கண்டு விரல் அசைய மனிதருக்குச் சுமார் 200 மில்லிநொடி ஆகிறது. அந்த வேகத்தில் இயங்கும்போது பேட்டரியும் விரைவாகத் தீரும். தொழில்முறையில் போட்டிகளில் விளையாடுபவர் இதற்குப் பணம் செலவழிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கடன் பாக்கியோடு மாலை நேரத்தில் விளையாடுபவருக்கு இது தேவையே இல்லை. புது மவுஸுக்குக் கடைக்காரர் 12 பங்குக்குத் தர முன்வந்த கூடுதல் பாதுகாப்புத் திட்டமும் அப்படித்தான். முழுப் பழுதுச் செலவே 15 பங்குதான் என்னும்போது, வரக்கூடிய பழுதுக்காக 12 பங்கை முன்கூட்டியே கட்டுவதில் என்ன பாதுகாப்பு இருக்கிறது? இத்தகைய திட்டங்கள் பலவற்றில், பயன்பாட்டால் வரும் தேய்மானத்துக்கு இழப்பீடு இல்லை என்று ஒரு விதி இருக்கும், உங்களிடம் காட்டிய தாளில் அந்தப் பகுதியைத் தேடிப் படித்துப் பாருங்கள்.

இப்போது தவணைக்கு வருகிறேன். "வட்டியில்லா" என்ற சொல்லை நம்பித்தான் நீங்கள் அடுத்தடுத்துக் கையெழுத்திட்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. நீங்கள் அனுப்பிய விவரத்தையே பாருங்கள். மொத்தமாகப் பணம் கொடுத்தால் 7 பங்கு தள்ளுபடி கிடைக்கிறது, ஆகவே மவுஸின் உண்மையான விலை 93. தவணையில் வாங்குபவருக்கு அந்தத் தள்ளுபடி கிடையாது, போதாக்குறைக்கு 3 பங்கு செயலாக்கக் கட்டணமும் உண்டு, ஆகவே அவருக்கு ஆவது 103. வட்டி என்ற பெயர் எங்கும் இல்லாவிட்டாலும், கடனுக்காக நீங்கள் கொடுப்பது 10 பங்கு. 93-க்கு 10 என்றால் 11 விழுக்காடுதானே என்று தோன்றும். ஆனால் ஆண்டு முழுவதும் 93 பங்கு கடனாக உங்கள் கையில் இருப்பதில்லை, மாதந்தோறும் அது குறைந்துகொண்டே வருகிறது. சராசரியாகப் பார்த்தால் நீங்கள் கடனாக வைத்திருப்பது 50 பங்குதான். 50-க்கு 10 என்றால், தோராயமாக ஆண்டுக்கு 20 விழுக்காடு வட்டி. இந்த வீதத்தை ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லிக் கடன் கொடுக்க வந்திருந்தால் நீங்கள் அவரைத் திருப்பி அனுப்பியிருப்பீர்கள்.

கீபோர்டில் பாக்கி 50 பங்கு, ஹெட்செட்டில் 49 பங்கு, இரண்டும் சேர்ந்து 99. அதாவது, வாங்கலாமா என்று நீங்கள் யோசிக்கும் மவுஸின் விலையளவுக்கு ஏற்கெனவே கடன்பட்டிருக்கிறீர்கள். மாதம் 17 பங்கு போய்க்கொண்டிருக்கும்போது இன்னொரு 8⅓ பங்கு சேர்ந்தால் 25-ஐத் தாண்டும், நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஒரு புது மவுஸின் விலை உங்கள் வருமானத்திலிருந்து போய்க்கொண்டிருக்கும். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு தவணையும் சிறிதாகத் தெரிவதால்தான் கையெழுத்திடும்போது கை தயங்குவதில்லை. தவணை வாங்கும் ஒவ்வொருவரிடமும் நான் முதலில் கேட்பது மாதத் தொகையை அல்ல, எல்லாத் தவணைகளையும் கூட்டினால் வரும் பாக்கியைத்தான். பெரும்பாலோர் அதுவரை ஒருமுறைகூடக் கூட்டிப் பார்த்திருப்பதில்லை.

ஓராண்டு கழித்து எங்கே நிற்பீர்கள் என்று பாருங்கள். புது மவுஸைத் தவணையில் வாங்கினால், பன்னிரண்டாம் மாதம் அதன் கடைசித் தவணையைக் கட்டிக்கொண்டிருப்பீர்கள், கையில் ஓராண்டு பழையதான மவுஸ் இருக்கும். வாங்காமல் விட்டால், தவணைக்கு ஒதுக்க நினைத்த தொகையில் முதல் இரண்டு மாதத்துக்கானது பழுதுச் செலவுக்குப் போதும். ஐந்தாம் மாதத்தோடு கீபோர்டு தவணை முடிகிறது, அடுத்த இரண்டு மாதமும் அந்த 10 பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள். ஏழாம் மாதத்தோடு ஹெட்செட்டும் முடிந்ததும், மாதம் 17 பங்கை அதே போலச் சேருங்கள். பன்னிரண்டாம் மாத முடிவில் 105 பங்கு கையில் இருக்கும், கடன் எதுவும் இருக்காது. அப்போதும் புது மவுஸ் வேண்டும் என்று தோன்றினால் 93 பங்கைக் கொடுத்துத் தள்ளுபடியோடு வாங்கிக்கொள்ளுங்கள். வாங்குவதானால் ஒளியால் இயங்கும் ஸ்விட்ச் உள்ளதாகப் பாருங்கள், உலோகத் தொடுமுனை இல்லாததால் இப்போது வந்திருக்கும் வகைப் பழுது அதில் வராது. ஆனால் அதன் விளம்பரத்தில் சொல்லப்படும் 7 கோடி, 10 கோடி கிளிக்குகளுக்காக அதிக விலை கொடுக்காதீர்கள், மவுஸின் மற்ற உறுப்புகள் அதுவரை தாங்குவதில்லை.

தம்பியின் ஹெட்செட் பற்றி எழுதத் தயங்கியிருக்கிறீர்கள் என்பது புரிகிறது. மீதி ஏழு தவணைகளையும் நீங்கள்தான் கட்டியாக வேண்டும், கடன் கொடுத்தவர் உங்களைத்தான் கேட்பார், தம்பியை அல்ல. அவனிடம் சண்டை போடவும் வேண்டாம், கொடுத்ததைச் சொல்லிக்காட்டவும் வேண்டாம். "தம்பி, மாதம் உன்னால் எவ்வளவு முடியும், அதை மட்டும் சொல், ஆனால் இனிமேல் என் பெயரில் தவணை கிடையாது" என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அவன் மாதம் 3 பங்கு தந்தால்கூட அது உங்கள் சேமிப்பை விரைவாக்கும். உங்கள் பழைய மவுஸ் தனக்குக் கிடைக்கும் என்பதால்தான் புதியதை வாங்கச் சொல்கிறானோ என்ற ஐயம் எனக்கு உண்டு. அது தவறாக இருக்கலாம். எப்படியிருந்தாலும், பழுதான பொருளை அவன் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் கடனாளியாவதால் இருவருக்கும் நன்மை இல்லை. ஹெட்செட் தவணையை முன்கூட்டியே அடைக்க எண்ணினால், மீதித் தொகையில் ஏதாவது குறைப்பார்களா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்று முதலில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எதுவும் குறையாது என்றால் அவசரப்பட்டு அடைப்பதில் பயனில்லை.

மவுஸைப் பழுதுக்குக் கொடுக்கும் முன், அதன் மென்பொருளில் கிளிக்குகளுக்கு இடையேயான தாமதத்தை மாற்ற வசதி இருக்கிறதா என்று பாருங்கள். சில மவுஸ்களில் அதைச் சில மில்லிநொடி கூட்டினால் இரட்டைப் பதிவு சில வாரங்களுக்கு அடங்கியிருக்கும், பழுதுக்கான தொகை கைக்கு வரும்வரை அது உதவும். கொடுக்கும்போது இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். பல மவுஸ்களில் திருகுகள் அடியிலுள்ள வழுக்குப் பட்டைகளுக்குக் கீழே மறைந்திருக்கும், உரித்த பட்டை மீண்டும் சரியாக ஒட்டாது, ஆகவே புதுப் பட்டையின் விலையும் 15 பங்குக்குள் அடக்கமா என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். பிரித்த கையோடு வலது பொத்தானின் ஸ்விட்ச்சையும் மாற்றச் சொல்லுங்கள். அதற்கும் அதே மூன்று வயதுதான், உறுப்பின் விலை சொற்பம், திறந்து மூடும் கூலியை நீங்கள் ஒருமுறைதான் கொடுப்பீர்கள்.