பழைய பிளக்கைத் தூக்கிப் போடும் முன்: புல்வெட்டி இன்ஜின் கேள்வி-பதில்

இரண்டு வாரம் நல்ல மழை பெய்தால் போதும், புல் முழங்கால் உயரத்துக்கு வந்துவிடும். கூடவே எனக்குக் கேள்விகளும் வரத் தொடங்கிவிடும். இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை ஸ்பார்க் பிளக் பற்றியவை. எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள்: புது பிளக் வாங்கப் போகும்போது பழைய பிளக்கைக் கையோடு எடுத்துப் போங்கள். எந்த அளவு பிளக் வேண்டும் என்பதையும், இன்ஜினுக்கு உண்மையில் என்ன கோளாறு என்பதையும் அதுதான் சொல்லும்.

எங்கள் வீட்டில் இருப்பது பழைய பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் இன்ஜின் வைத்த புல்வெட்டி. பிளக்கில் எழுத்து அழிந்துவிட்டது. கடைக்காரர், "அதே மரைதான், போடுங்க" என்று கொஞ்சம் நீளமான ஒன்றைக் கொடுத்தார். கையால் சுற்றினாலே நன்றாக ஏறுகிறது. போடலாமா சார்? (கோத்தகிரி வாசகர்)

போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் கயிற்றை இழுக்காமல் கழற்றிவிடுங்கள்.

கடைக்காரர் பார்த்தது மரையின் விட்டத்தை மட்டும். புல்வெட்டி இன்ஜின்களில் பெரும்பாலானவற்றுக்கு அது 14 மில்லிமீட்டர்தான், அதனால் எந்த பிளக்கும் பொருந்துவதுபோலவே தோன்றும். பார்க்க வேண்டியது மரையின் நீளம். இரண்டு பிளக்கையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வையுங்கள். வாஷர் உட்காரும் இடத்திலிருந்து மரை முடியும் இடம் வரை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். பழைய பிரிக்ஸ் இன்ஜின்களில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கவாட்டில் இருக்கும். ஹெட் என்பது வெறும் விசிறி மடிப்பு போட்ட ஒரு மூடிதான். அவற்றுக்குச் சாம்பியன் ஜே19எல்எம் வகை பிளக், மரை நீளம் 9.5 மில்லிமீட்டர். பின்னால் வந்த, வால்வு மேலே இருக்கும் ஓஎச்வி இன்ஜின்கள் பலவற்றுக்கு ஆர்சி12ஒய்சி. அதன் மரை நீளம் 19 மில்லிமீட்டர், சரியாக இரண்டு மடங்கு.

குட்டை மரைக்கான ஓட்டையில் நீள பிளக்கைப் போட்டால் மீதி 9.5 மில்லிமீட்டரும் எரியறைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். பிஸ்டனோ வால்வோ அதில் இடிக்கலாம். இடிக்காமல் தப்பித்தாலும், நீட்டிக்கொண்டிருக்கும் மரையில் கரி படிந்து வெந்து கல்லாகிவிடும். அடுத்த வருஷம் கழற்றும்போது அந்தக் கரி ஹெட்டின் அலுமினிய மரையையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். தொழில் கற்றுக்கொண்டிருந்த காலத்தில் நானே ஒரு ஹெட்டில் இப்படிச் செய்திருக்கிறேன். பிளக் வெளியே வந்தபோது அதன் மரை இடுக்குகளில் சுருள் சுருளாக அலுமினியம் ஒட்டியிருந்தது. ஓட்டையைப் பெரிதாக்கி உள்ளே எஃகுச் சுருள் மரை வைத்துத்தான் அந்த இன்ஜினைக் காப்பாற்ற முடிந்தது. பிளக்கின் விலையைவிடப் பல மடங்கு செலவு.

நீள மரைக்குக் குட்டை பிளக் போடுவதும் தப்புதான். பொறி ஒரு கிணற்றுக்குள் விழுவது மாதிரி ஆகிவிடும், ஸ்டார்ட் ஆகவே அடம்பிடிக்கும். உங்கள் இன்ஜினின் மாடல் எண், விசிறியை மூடியிருக்கும் தகரத்தில் அச்சடிக்கப்பட்டிருக்கும். அழுக்கைத் துடைத்துவிட்டு அதைக் குறித்துக்கொண்டு போங்கள்.

புத்தகத்தில் என்ஜிகே பிபிஆர்6இஎஸ் என்று போட்டிருக்கிறது. கடையில் போஷ் டபிள்யூஆர்7டிசி இருக்கிறது. 6-க்குப் பதில் 7 போட்டால் சூடாகாதா? (திண்டுக்கல்)

இரண்டும் ஒரே பிளக் என்றே வைத்துக்கொள்ளலாம். அதே பிளக்குக்குச் சாம்பியன் ஆர்என்9ஒய்சி என்று பெயர் வைத்திருக்கிறது, டென்சோ டபிள்யூ20இபிஆர்-யூ என்கிறது. 6, 7, 9, 20 என்று நாலு கம்பெனிக்கு நாலு எண், வேலை ஒன்றுதான்.

அந்த எண் குறிப்பது வெப்பநிலை வரிசை, அதாவது பிளக்கின் நுனி எவ்வளவு வேகமாகச் சூட்டை ஹெட்டுக்குக் கடத்திவிடுகிறது என்பது. என்ஜிகேயிலும் டென்சோவிலும் எண் ஏற ஏற 'குளிர்' பிளக். சாம்பியனிலும் போஷிலும் நேர்மாறு, எண் ஏற ஏற 'சூடு'. அதனால் ஒரு கம்பெனி எண்ணை இன்னொரு கம்பெனி எண்ணோடு ஒப்பிடவே கூடாது. கடையில் இருக்கும் மாற்றுப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

என்ஜிகே எழுத்துகளுக்கும் பொருள் உண்டு. முதலில் வரும் பி என்றால் 14 மில்லிமீட்டர் மரை, 20.8 மில்லிமீட்டர் அறுகோணம், நம் ஊரில் 21 ஸ்பேனர் என்கிறோமே அதுதான். அடுத்த பி, பீங்கான் நுனி வெளியே நீட்டியிருக்கும் வகை. ஆர் என்றால் உள்ளே ரெசிஸ்டர், அதாவது மின்தடை உண்டு. இ என்றால் மரை நீளம் 19. இதைத் தெரிந்துகொண்டால் கடையில் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

பிளக் ஒரு மாதத்தில் கரியாகிவிடுகிறது. இரண்டு முறை மாற்றிவிட்டேன். இன்னும் சூடான பிளக் போட்டால் கரி பிடிக்காது என்கிறார் மெக்கானிக். சரியா? (பெங்களூருவிலிருந்து ஒரு வாசகி)

அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பிளக் நுனி சுமார் 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 800-க்கு மேல் போனால் பொறி வரும் முன்பே பெட்ரோலைப் பற்றவைத்துவிடும், பிஸ்டன் கெடும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிறுத்தத்தான் இன்ஜின் செய்தவர்கள் ஒரு எண்ணைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கரிக்கான காரணத்தை விட்டுவிட்டு எண்ணை மாற்றுவது, காய்ச்சல்காரருக்குத் தெர்மாமீட்டரை மாற்றிக் கொடுப்பது மாதிரி.

கழற்றிய பிளக்கை வெளிச்சத்தில் வைத்து, விரலால் தொட்டுப் பாருங்கள் அம்மா. உலர்ந்த கரி, விளக்குப் புகை மாதிரி விரலில் ஒட்டினால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். புல்வெட்டியில் பத்தில் எட்டு முறை குற்றவாளி அதுதான். புல் தூசும் மண்ணும் அடைத்து, ஸ்பாஞ்ச் களிமண் உருண்டை மாதிரி ஆகியிருக்கும். அப்புறம் சோக் முழுசாகத் திறக்கிறதா என்று பாருங்கள். கேபிள் இழுபட்டுப் பாதியில் நிற்பது உண்டு.

கரி ஈரமாக, பளபளவென்று இருந்து எண்ணெய் வாடை வந்தால் கதை வேறு. எண்ணெய் அளவு கோட்டுக்கு மேல் ஊற்றியிருக்கலாம், பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். பிளேடைக் கழுவுவதற்காக மெஷினைத் தப்பான பக்கம் சாய்த்தாலும் இதே நிலைதான். கார்ப்பரேட்டரும் ஏர் ஃபில்டரும் கீழே வருமாறு சாய்த்தால் எண்ணெய் அங்கெல்லாம் இறங்கிவிடும். சாய்க்கும் முன் பிளக் வயரைக் கழற்றி ஓரமாக ஒதுக்கி வைப்பதையும் மறக்காதீர்கள். வயர் மாட்டியிருக்கும்போது பிளேடைக் கையால் திருப்பினால் இன்ஜின் ஒரு சுற்று ஓடிவிடலாம், அந்த ஒரு சுற்று விரல்களுக்குப் போதும். இதை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

நுனி இளம்பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் இன்ஜின் நலம். சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, கொப்புளம் போலப் பொரிந்திருந்தால் பெட்ரோல் போதாமல் சூடாகிறது. உங்களுடையது எந்த வகை என்று பார்த்துவிட்டு, சரிசெய்த பிறகு அதே எண் பிளக்கைப் போடுங்கள்.

இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ் இல்லை. பிளக் நுனியில் பொறி தாவும் இடைவெளியை எப்படி வைப்பது?

முதலில் புத்தகத்தில் அளவைப் பாருங்கள். பிரிக்ஸ் இன்ஜின்களில் பெரும்பாலும் 0.76 மில்லிமீட்டர், ஹோண்டா ஜிஎக்ஸ்160-இல் 0.7 முதல் 0.8, சிறிய டூ ஸ்ட்ரோக்குகளில் 0.5 என்று வரும். நம் மெக்கானிக்குகள் பலர் ஹாக்ஸா பிளேடை நுழைத்துப் பார்ப்பார்கள். அதன் கனம் ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டர். பல் இல்லாத முதுகுப் பக்கத்தை நுழைத்தால், கொஞ்சம் தளர்வாக ஆட வேண்டும். அவசரத்துக்கு இது சரி, ஆனாலும் ஃபீலர் கேஜ் ஒன்று வாங்கி வைப்பது நல்லது, விலை குறைவுதான்.

வளைப்பது பக்கவாட்டுக் கொக்கியை மட்டும். நடுக்கம்பியை நெம்பினால் பீங்கான் விரிசல் விட்டுவிடும்.

இந்த அளவில் நான் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. இந்த மெஷின்களில் பேட்டரி கிடையாது. இன்ஜினோடு சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலில் இருக்கும் காந்தம், காயில் என்னும் கம்பிச்சுருளைக் கடந்து ஓடும்போதுதான் கரண்ட் பிறக்கிறது. நாம் கயிற்றை இழுக்கும்போது ஃப்ளைவீல் மெதுவாகத்தான் சுற்றும், கரண்டும் பலவீனமாகத்தான் இருக்கும். பிளக் தேய்ந்து இடைவெளி அகன்றுவிட்டால் அந்தக் கரண்டால் தாண்ட முடியாது. அதனால்தான், "ஸ்டார்ட் ஆனால் நன்றாக ஓடுகிறது, ஸ்டார்ட் ஆகத்தான் இருபது இழுப்பு" என்று பலர் எழுதுகிறீர்கள்.

இரிடியம் பிளக் போட்டால் பெட்ரோல் மிச்சமாகுமா?

புல்வெட்டியில் உங்களுக்குத் தெரியும் அளவுக்கு ஆகாது. இரிடியம் 2,400 டிகிரிக்கு மேல்தான் உருகும், அதனால் மெல்லிய நுனி நீண்ட நாள் தேயாமல் நிற்கும். ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடும் காருக்கு அது லாபம். வாரம் ஒரு மணி நேரம் ஓடும் மெஷினுக்குச் சாதாரண நிக்கல் பிளக்கே போதும். அந்தப் பணத்தில் புது ஏர் ஃபில்டர் வாங்குங்கள்.

பழைய பிளக்கை மணல் வீசிச் சுத்தம் செய்து தருகிறார்கள். மறுபடி போடலாமா?

வேண்டாம். பீங்கானுக்கும் இரும்புக்கும் நடுவே ஆழமான இடுக்கில் ஒன்றிரண்டு மணல் துகள் சிக்கிக்கொள்ளும். அது சிலிண்டருக்குள் விழுந்தால் சுவரைக் கீறிவிடும். பித்தளைப் பிரஷ்ஷும் கொஞ்சம் பெட்ரோலும் போதும். அதிலும் போகாத கரி என்றால் பிளக்கை மாற்றிவிடுங்கள்.

தென்னந்தோப்பில் பிரஷ் கட்டர் ஓட்டுகிறோம், டூ ஸ்ட்ரோக். பிளக் கிடைக்காமல் பைக் பிளக் போட்டார் எங்கள் ஆள். ஓடுகிறது, ஆனால் சூடானதும் மிஸ் அடிக்கிறது அண்ணா. (பொள்ளாச்சி)

பல பிரஷ் கட்டர்களுக்கு பிபிஎம்ஆர்7ஏ போன்ற குள்ள பிளக் வரும். அதிலுள்ள எம் உடம்பு குட்டை என்பதையும், ஆர் ரெசிஸ்டரையும் குறிக்கும். மரை நீளம் 9.5 மில்லிமீட்டர். உயரமான பைக் பிளக்கைப் போட்டால் மேல்மூடி சரியாக உட்காராமல் நிற்கும், ரப்பர் கேப் அதிர்வில் ஆடி நழுவும். மிஸ் அடிப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ரெசிஸ்டர் இல்லாத பிளக் என்றால் எலெக்ட்ரானிக் காயிலும் தொல்லைப்படும். சரியான பிளக்கை இரண்டாக வாங்கி ஒன்றை டூல் பையில் போட்டு வையுங்கள். கூடவே பெட்ரோலில் கலக்கும் எண்ணெயின் அளவையும் பாருங்கள். 50-க்கு 1 என்று புத்தகம் சொன்னால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி. "நல்லதுதானே" என்று கூடுதலாக ஊற்றுவதால்தான் தோப்புகளில் பாதி பிளக்குகள் கரியாகின்றன.

புது பிளக், பொறி நீலமாகப் பளிச்சென்று வருகிறது. ஆனாலும் ஸ்டார்ட் ஆகாமல் கயிற்றைக் கையிலிருந்து பிடுங்குகிறது. போன வாரம் ஒரு மரவேரில் பிளேடு மோதியது. (கண்டி)

கடைசி வாக்கியத்திலேயே பதில் இருக்கிறது. ஃப்ளைவீலையும், பிளேடைச் சுற்றும் தண்டான கிராங்கையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரு சிறிய சாவி உண்டு. பல புல்வெட்டிகளில் அது வேண்டுமென்றே மென்மையான உலோகத்தில் செய்யப்பட்டிருக்கும். பிளேடு மோதியதும் அது நசுங்கி ஃப்ளைவீல் சற்றே திரும்பிவிடும். பொறி வரும், ஆனால் வர வேண்டிய நேரத்தில் வராது. ஃப்ளைவீலைக் கழற்றிச் சாவியை மாற்றுங்கள், பக்கத்தில் பள்ளம் சிதைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கிராங்க் வளைந்திருந்தால் பிளேடு சுற்றும்போது மேலும் கீழும் ஆடும். அப்படி என்றால் அந்த மெஷினை ஓட்டவே கூடாது.

எவ்வளவு இறுக்குவது?

முதலில் ஸ்பேனர் இல்லாமல், விரலால் மட்டும், வாஷர் உட்காரும் வரை சுற்றுங்கள். விரலுக்கு வராமல் முரண்டுபிடித்தால் மரை கோணலாக ஏறுகிறது, திருப்பி எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். உட்கார்ந்த பிறகு ஸ்பேனரால் புது பிளக்குக்கு அரைச் சுற்று. பழையதையே மாட்டுகிறீர்கள் என்றால் எட்டில் ஒன்று முதல் கால் சுற்று வரை போதும், ஏனென்றால் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கிறது. மரையில் கிரீஸ் தடவாதீர்கள். வழுக்கிக்கொண்டு அளவுக்கு மேல் இறுகிவிடும். இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

டொரண்டோவில் இருக்கிறோம். அக்டோபரில் கராஜில் வைத்த மெஷின் மே மாதத்தில் கிளம்பவில்லை. பிளக் மாற்றியும் பலனில்லை.

பிளக்கின் நுனி இழுத்த பிறகும் காய்ந்தே இருக்கிறதா? அப்படி என்றால் பெட்ரோல் உள்ளே வரவே இல்லை. ஏழு மாதம் கிடந்த பெட்ரோல் பிசினாகி கார்ப்பரேட்டரின் ஜெட்டை, அதாவது பெட்ரோல் வரும் நுண்துளையை அடைத்திருக்கும். டேங்கைக் காலி செய்து, மிதவைக் கிண்ணத்தைக் கழற்றி, கார்ப் கிளீனர் அடித்து ஜெட்டைத் திறக்க வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் இந்தத் தொல்லை கூடுகிறது. இந்தியாவிலும் இப்போது 20 சதவீதம் கலப்புதான் கிடைக்கிறது, பல சிறு இன்ஜின்களின் புத்தகமோ 10 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்கிறது. ஆகவே அங்கே இருப்பவர்களும் மாதக்கணக்கில் டேங்கில் விட்டுவைக்காதீர்கள்.

அடுத்த அக்டோபரில் இப்படிச் செய்யுங்கள். பெட்ரோல் தீரும் வரை ஓட்டிவிட்டு, ஆறியதும் பிளக்கைக் கழற்றி, ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயிலை ஓட்டை வழியே ஊற்றுங்கள். ஓட்டையைத் துணியால் மூடிக்கொண்டு கயிற்றை மெதுவாக நாலைந்து முறை இழுத்தால் எண்ணெய் சுவரெங்கும் பரவும். பிளக்கைத் திரும்ப மாட்டிவிட்டு, கயிற்றை இழுக்கும்போது கை கனக்கும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த நிலையில் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும், குளிர்காலத்து ஈரக்காற்று சிலிண்டருக்குள் போகாது.